கிராமத்துத் தொகுதி எம்.எல்.ஏ.: கடலூர் மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எல்.ஏ.வைத் திட்டுவதற்கு நம் மாவட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவருக்கு என்ன அதிகாரம், அந்த இடத்துக்கு எப்படி வந்தார், அடுத்த தேர்தலில் ஏன் காணாமல் போனார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கல்லூரிப் பிள்ளைகள், கட்சிக் கிளைக்காரர்கள், மனுவோடு அலைகிறவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கடலூர் மாவட்டத்தவை. புதுச்சேரி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அதுவும் வரும்.

நம் மாவட்டத்தில் எத்தனை தொகுதி?

ஒன்பது. திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில். இதில் திட்டக்குடியும் காட்டுமன்னார்கோயிலும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். மாவட்டத்தில் ஊராட்சிகள் மட்டும் 683. கடலூர், நெய்வேலி மாதிரி நகரத் தொகுதிகளிலும் கிராம ஓட்டு இல்லாமல் கரையேற முடியாது.

யார் நிற்கலாம்?

25 வயது முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும், நிற்கிற தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்பதில்லை. படிப்புத் தகுதி எதுவும் கிடையாது. டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கவில்லை என்றால் அந்தப் பணம் திரும்பாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். அரசு ஆசிரியராகவோ வேறு அரசு ஊழியராகவோ இருந்தால் வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர் தண்டனைக் காலமும், விடுதலையான பிறகு ஆறு வருடமும் நிற்க முடியாது.

வார்டு மெம்பரில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறினால்தான் எம்.எல்.ஏ. ஆக முடியுமா?

சட்டப்படி இல்லை. நடைமுறையில் பெரும்பாலும் ஆமாம். ஆனால் அந்தப் படிக்கட்டு ஊராட்சி மன்றத்தில் இருப்பதைவிடக் கட்சிக்குள்தான் இருக்கிறது. கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர். ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், சேர்மன் எல்லாம் பக்கவாட்டுப் படிகள். சேர்மனாக இருந்தவருக்கு ஒன்றியம் முழுக்க ஆள் தெரியும், ஒப்பந்தக்காரர்களைத் தெரியும், பி.டி.ஓ. ஆபீஸ் எப்படி ஓடுகிறது என்பதும் தெரியும். சீட்டு கேட்கும்போது அது பேசும்.

சீட்டு கேட்பது தனிக் கதை. கட்சித் தலைமையகத்தில் பணம் கட்டி விருப்ப மனு போட வேண்டும், அப்புறம் நேர்காணல். அங்கே கேட்கிற முக்கியமான கேள்வி 'எவ்வளவு செலவு செய்வாய்?' என்பதுதான் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மாவட்டச் செயலாளரின் சொல், சாதிக் கணக்கு, எதிர்க்கட்சி யாரை நிறுத்துகிறது என்பது எல்லாம் அதில் சேரும். எல்லாம் கூடி வந்த பிறகும் 'தொகுதி கூட்டணிக்குப் போய்விட்டது' என்ற ஒரே வரியில் இருபது வருட உழைப்பு நின்றுபோகும். நம் மாவட்டத்தில் இது அடிக்கடி நடக்கும். காங்கிரஸ், பா.ம.க., விடுதலைச் சிறுத்தைகள், கம்யூனிஸ்டுகள் என்று பல கட்சிகளுக்கு இங்கே கால் ஊன்றிய இடங்கள் இருப்பதால், கூட்டணிப் பேச்சில் முதலில் வெட்டுப்படுவது கடலூர் மாவட்டத் தொகுதிகள்தான். 2021-ல் தி.மு.க. அணி ஒன்பதில் ஏழில் வென்றது. அதில் விருத்தாசலம் காங்கிரசுக்கு, காட்டுமன்னார்கோயில் வி.சி.க.வுக்கு, பண்ருட்டி தமிழக வாழ்வுரிமைக் கட்சியின் வேல்முருகனுக்கு. அந்த மூன்று ஊர்களிலும் கரை வேட்டி கட்டிக் காத்திருந்த உள்ளூர் தி.மு.க.காரர்களை நினைத்துப் பாருங்கள்.

வெளியூர்க்காரர் வந்து ஜெயித்திருக்கிறாரா?

விஜயகாந்த்தான் பெரிய உதாரணம். மதுரைக்காரர், 2006-ல் முதல் தேர்தலுக்கு விருத்தாசலத்தைத் தேர்ந்தெடுத்து வென்றார். அந்தத் தேர்தலில் தே.மு.தி.க. வென்ற ஒரே தொகுதி அதுதான். 2011-ல் ரிஷிவந்தியத்துக்குப் போய்விட்டார், அங்கேயும் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். 2021-ல் பிரேமலதா அதே விருத்தாசலத்தில் நின்று தோற்றார். திருமாவளவன் 2001-ல், நம் மாவட்டத்தில் அப்போது இருந்த மங்களூர் தொகுதியில் வென்று முதல்முறை சட்டமன்றத்துக்குள் போனார். 2006-ல் அதே மங்களூரில் வி.சி.க. சார்பில் வென்ற செல்வப்பெருந்தகை பிறகு காங்கிரசுக்குப் போய், 2021-ல் ஸ்ரீபெரும்புதூர் உறுப்பினரானார்.

என் கணிப்பு: வெளியூர்க்காரரை இந்த மாவட்டம் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் அவர் கிளம்பிப் போய்விட்டால் தேடுவதும் இல்லை.

செலவு எவ்வளவு?

2022 முதல் சட்டப்படி உச்சவரம்பு 40 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மூன்று வருடம் போட்டியிடத் தடை வரலாம். நிஜச் செலவு எவ்வளவு என்று உங்கள் பூத் கமிட்டி ஆளைக் கேளுங்கள். இங்கே எழுதினால் வம்பு.

ஓர் ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது?

2016-ல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். இரண்டு தெரு அளவுகூட இல்லை.

எம்.எல்.ஏ. சம்பளம் எவ்வளவு?

2017-ல் படிகள் எல்லாம் சேர்த்து மாதம் 55,000-லிருந்து 1,05,000 ஆக உயர்த்தினார்கள். முன்னாள் உறுப்பினர்களுக்கான ஓய்வூதியம் அப்போது 12,000-லிருந்து 20,000 ஆனது, பிறகும் கூட்டியிருக்கிறார்கள். சென்னையில் தங்க எம்.எல்.ஏ. ஹாஸ்டல் உண்டு, பஸ், ரயில் பயணச் சலுகை உண்டு. திட்டக்குடி மாதிரி ஒரு தொகுதியில் தினமும் கார் டீசல், வருகிறவர்களுக்கு டீ, மொய், மாலை என்று போகிற பணத்துக்கு இந்தச் சம்பளம் காணாது. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வேட்புமனுவோடு தருகிற சொத்து விவரப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கும். ஒரே ஆள் இரண்டு தேர்தலில் கொடுத்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் பொழுது போகும்.

வருடத்துக்கு 3 கோடி அவர் கைக்கு வருகிறதாமே?

கைக்கு வராது. தொகுதி மேம்பாட்டு நிதி மாவட்ட நிர்வாகத்திடம்தான் இருக்கும். இந்த வேலையைச் செய்யுங்கள் என்று எம்.எல்.ஏ. பரிந்துரைக்கலாம். கலெக்டர் அனுமதி கொடுப்பார், ஊரக வளர்ச்சித் துறையோ நகராட்சியோ வேலையைச் செய்யும். அங்கன்வாடி, சிமெண்ட் ரோடு, தெருவிளக்கு, ரேஷன் கடைக் கட்டடம் என்று பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். கோயில் மண்டபத்துக்கோ தனியார் இடத்துக்கோ கிடையாது. பெரிய பணம் மாதிரி தெரிந்தாலும் தொகுதியில் இருக்கிற ஊராட்சிகளுக்குப் பிரித்துப் பார்த்தால் ஊருக்கு ஒரு சின்ன வேலை தேறும். 'என் நிதியிலிருந்து கட்டியது' என்று போர்டு வைப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், அது நம் வரிப் பணம்.

எம்.எல்.ஏ. சொன்னால் கலெக்டர் கேட்டாக வேண்டுமா?

சட்டப்படி இல்லை. அவர் அதிகாரிகளுக்கு உத்தரவு போடுகிறவர் இல்லை. பட்டா மாற்றித் தருவது தாசில்தார், நெல் கொள்முதல் நிலையம் திறப்பது நுகர்பொருள் வாணிபக் கழகம், வீராணத்தில் மதகு திறப்பது நீர்வளத் துறை. எம்.எல்.ஏ. கையெழுத்துக்குச் சட்ட மதிப்பு இருக்கிற இடங்கள் ரொம்பக் குறைவு. ஆதாரில் முகவரிச் சான்றுக்கு அவர் கையெழுத்து செல்லும், அந்த அளவுதான். பரிந்துரைக் கடிதம் என்பது மரியாதைக்குப் பார்க்கப்படும் ஒரு காகிதம். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. என்றால் மரியாதை கொஞ்சம் கூடும்.

அவரிடம் இருப்பது கேட்கிற அதிகாரம். லேசான விஷயம் இல்லை அது, அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் என்.எல்.சி. என்கிற நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பற்றி ஒரு வார்த்தை. 1956-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. நிலம் கொடுக்கிறவர்கள் கம்மாபுரம், புவனகிரி பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். நிலம் எடுக்கிற வேலையைச் செய்வது மாநில அரசின் வருவாய்த் துறை. இழப்பீடும் வேலையும் நிறுவனத்தின் முடிவு, அதற்கு மேலே டெல்லி. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியபோது ஊர்க்காரர்கள் முதலில் எம்.எல்.ஏ.வைத்தான் தேடினார்கள். அவரால் அறிக்கை விட முடியும், போராட்டத்தில் உட்கார முடியும், பேரவையில் பேச முடியும். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இல்லை. இந்த மாவட்டத்தில் ஒரு எம்.எல்.ஏ.வின் பெயர் கெடுவதற்குப் பாதிக் காரணம் அவர் கையில் இல்லாத விஷயங்கள்தான். மீதிப் பாதிக்கு அவரே பொறுப்பு.

கோட்டைக்குப் போய் அங்கே என்னதான் செய்கிறார்?

நம் ஊரில் யாரும் கேட்காத கேள்வி இது. அதனால்தான் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் இந்த ஊர் ஏரியைத் தூர்வார அரசு முன்வருமா?' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி துறைச் செயலகத்துக்குப் போகும், அங்கிருந்து மாவட்டத்துக்கு, கடைசியில் உதவிப் பொறியாளர் ஏரிக்கரைக்குப் போய் அளந்து, எவ்வளவு செலவாகும் என்று எழுதி அனுப்ப வேண்டும். பத்து வருடமாக ஊர்க்காரர்கள் கொடுத்த மனுவுக்கு நகராத கோப்பு, அமைச்சர் பேரவையில் பதில் சொல்ல வேண்டும் என்றதும் இரண்டு வாரத்தில் நகரும். ஏரி அதன் பிறகு தூர்வாரப்படுமா என்பது வேறு. ஆனால் மதிப்பீடு தயாராகிவிடும், அடுத்து யார் கேட்டாலும் அந்த எண்ணிலிருந்து பேசலாம்.

அமைச்சர் சொல்லும் பதிலைக் கவனமாகக் கேட்க வேண்டும். 'நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்' என்றால் பெரும்பாலும் இல்லை என்று பொருள். 'இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்' என்றால் அது உறுதிமொழி. அப்படிச் சொன்னதைச் செய்தார்களா என்று துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2021-ல் அமைந்த பேரவையில் அதன் தலைவராக இருந்தவர் பண்ருட்டி உறுப்பினர் வேல்முருகன். அரசின் கணக்கைத் தணிக்கை அறிக்கையை வைத்து அலசுவது பொதுக் கணக்குக் குழு. இவை தவிர மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு, மனுக்கள் குழு எல்லாம் உண்டு. இந்தக் குழுக்கள் மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போது அதிகாரிகள் முகத்தைப் பார்க்க வேண்டும். கட்சிக் கூட்ட மேடையில் எம்.எல்.ஏ. கத்துவதைவிட, குழுவில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுவதற்கு அவர்கள் அதிகம் பயப்படுவார்கள்.

மானியக் கோரிக்கை என்பது ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கும் விவாதம். அதில் பேச ஒவ்வொரு கட்சிக்கும் நேரம் பிரித்துக் கொடுப்பார்கள். கிடைத்த பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் தலைவருக்குப் புகழ் பாடிவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் தொகுதிக் கோரிக்கைகளை மூச்சு விடாமல் வாசிக்கிற பழக்கம் எல்லாக் கட்சியிலும் இருக்கிறது. எனக்குப் பிடிக்காத காட்சி.

எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்றால் தொகுதிக்கு ஒன்றுமே வராதா?

குறையும். முழுக்க நின்றுவிடாது. தொகுதி நிதி எல்லா உறுப்பினருக்கும் ஒன்றுதான். 2022 ஆகஸ்டில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைத் தர வேண்டும் என்று முதலமைச்சர் கடிதம் எழுதியபோது எதிர்க்கட்சியினருக்கும் சேர்த்தே எழுதினார். சிதம்பரத்தில் 2011-ல் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் கே.பாலகிருஷ்ணன் மாதிரி, ஆளும் வரிசையில் உட்காராமலேயே குரலால் பெயர் வாங்கினவர்கள் உண்டு.

எப்போது அமைச்சர் ஆவார்?

கிராமத்துக்காரர்கள் இதை ஏதோ அடுத்த பதவி உயர்வு மாதிரி கேட்கிறார்கள். 234 பேர் கொண்ட அவையில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேருக்கு மேல் அமைச்சரவையில் இருக்க முடியாது, 2003-ல் வந்த திருத்தப்படி 15 சதவீதம்தான் வரம்பு. மாவட்டத்துக்கு ஒருவர், இருவர் என்றுதான் வரும்.

குறிஞ்சிப்பாடி எம்.ஆர்.கே.பன்னீர்செல்வத்தின் பயணத்தைப் பாருங்கள். தந்தை எம்.ஆர்.கிருஷ்ணமூர்த்தி இந்தப் பக்கத்துப் பழைய தி.மு.க. தலைவர்களில் ஒருவர். மகன் மாவட்டச் செயலாளராகி, 2006 முதல் 2011 வரை சுகாதாரத் துறை அமைச்சர். 2011-ல் சொந்தத் தொகுதியிலேயே தோல்வி. 2016-ல் திரும்ப வந்தார், ஆனால் கட்சி எதிர்க்கட்சி. 2021-ல் வேளாண்மைத் துறை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 14-ல் தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் பட்ஜெட்டைப் படித்தவர் அவர்தான். அதே அமைச்சரவையில் திட்டக்குடி சி.வெ.கணேசன் தொழிலாளர் நலத் துறை. எதிர்த்தரப்பில் அ.தி.மு.க.வின் எம்.சி.சம்பத், கடலூரில் 2011, 2016 இரண்டு முறை வென்று தொழில் துறை அமைச்சராக இருந்து, 2021-ல் தோற்றார். அமைச்சராக இருந்தால் தொகுதி கைவிடாது என்று நம்புவதற்கு இந்த மாவட்டம் இடம் கொடுத்ததில்லை.

இன்னும் பின்னால் போனால் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார். 1952 தேர்தலில் அவருடைய உழைப்பாளர் கட்சி 19 இடங்களில் வென்றது. மாவட்டங்களில் வேர்விட்ட ஒரு கட்சி கோட்டையில் பேரம் பேசும் பலத்தோடு நின்றது. 1954-ல் காமராஜர் அமைச்சரவையில் அவருக்கு இடம் கிடைத்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இப்போது மணிமண்டபம் இருக்கிறது.

கட்சி மாறினால் பதவி போய்விடுமா?

பதவியில் இருக்கும்போது மாறினால் போகும். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். முன்பு மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் பிரிந்தால் தப்பலாம் என்று இருந்தது, 2003-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சியோடு இணைய ஒப்புக்கொண்டால்தான் தப்ப முடியும். முடிவு சபாநாயகர் கையில், அவர் எப்போது முடிவெடுப்பார் என்பது தனிப் பிரச்சினை.

தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதற்குத் தடை கிடையாது. பண்ருட்டி ச.ராமச்சந்திரன் 1967-ல் தி.மு.க. சார்பில் பண்ருட்டியில் வென்றார். எம்.ஜி.ஆர். காலத்தில் அ.தி.மு.க. அமைச்சர். 1991-ல் பா.ம.க. சார்பில் அதே பண்ருட்டியில் வென்றார், அப்போது அந்தக் கட்சியின் சின்னம் யானை. யானை மேல் ஏறியே சட்டமன்றத்துக்குப் போனார் என்று பண்ருட்டிப் பெரியவர்கள் பலாச்சுளை உரித்துக்கொண்டே இன்றும் சொல்வார்கள். 2011-ல் தே.மு.தி.க. சார்பில் ஆலந்தூர். எந்தக் கட்சிக்குப் போனாலும் பெயருக்கு முன்னால் ஊர் மட்டும் மாறவில்லை.

தொகுதியே இல்லாமல் போனால்?

போயிருக்கிறது. 2008 மறுவரையறையில் மங்களூர், நெல்லிக்குப்பம் என்ற தொகுதிகள் மறைந்தன, திட்டக்குடியும் நெய்வேலியும் வந்தன. நெல்லிக்குப்பத்தில் 2006-ல் வென்ற சபா.ராஜேந்திரன் பிறகு நெய்வேலிக்காரர் ஆனார். இருபது வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஊர்கள் அடுத்த தொகுதிக்குப் போய்விடும், முகம் தெரியாத ஊர்கள் வந்து சேரும். தனித்தொகுதி மாறினாலும் இதே நிலைமை. அடுத்த மறுவரையறை வரும்போது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடும் சேர்ந்து வர வேண்டும், 2023-ல் நிறைவேறிய அரசியல் சாசனத் திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. இப்போது வரிசையில் நிற்கும் ஆண்களில் பலர் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

பெண்கள் வென்றிருக்கிறார்களா?

குறைவு. புவனகிரியில் செல்வி ராமஜெயம் 2006, 2011 இரண்டு முறை, 2011-ல் சமூக நலத் துறை அமைச்சராகவும் ஆனார். பண்ருட்டியில் 2016-ல் சத்யா பன்னீர்செல்வம். ஊராட்சித் தலைவர் பதவியில் இத்தனை பெண்கள் இருந்திருக்கும் மாவட்டத்துக்கு இது ரொம்பச் சின்னப் பட்டியல்.

காதுகுத்து, கருமாதி என்று ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறார்?

போகாவிட்டால் தோற்பார். தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது எந்த எம்.எல்.ஏ. எத்தனையாவது நாள் வந்தார் என்று முந்திரிக்காட்டுக்காரர்கள் இன்னும் கணக்கு வைத்திருக்கிறார்கள். வந்தவர் என்ன செய்தார் என்ற கணக்கு அவ்வளவு துல்லியமாக இல்லை. பேரவை நடக்கும் நாளில் துக்க வீட்டுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்கிற நாமும் இதில் ஒரு பங்கு.

புதுச்சேரியில் எப்படி?

எல்லாமே சின்ன அளவில், நெருக்கமாக நடக்கும். தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர், அதில் காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று. மத்திய அரசு நியமிக்கும் 3 பேர் தனி, அவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பக்கம் ஒரு தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். பாகூரிலோ நெட்டப்பாக்கத்திலோ முப்பதாயிரத்தைச் சுற்றித்தான். எம்.எல்.ஏ.வுக்கு வீட்டு வீடாகப் பெயர் தெரியும். அங்கே 2006-க்குப் பிறகு நீண்ட காலம் உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால் சாக்கடை அடைப்புக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டிய நிலை. அவை சின்னது என்பதால் நாலைந்து பேர் ராஜினாமா செய்தால் ஆட்சியே போகும், 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு அப்படித்தான் போனது. அதனால் அங்கே தனி எம்.எல்.ஏ.வின் விலையும் மதிப்பும் நம் ஊரைவிட அதிகம்.

என் எம்.எல்.ஏ. பேரவையில் பேசினாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2022 ஜனவரி முதல் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் பேரவையின் இணையதளத்தில் இருக்கின்றன, பெயர் வைத்துத் தேடப் பொறுமை வேண்டும். தேர்தல் நேரத்தில் ஓட்டு கேட்டு வரும்போது 'எத்தனை கேள்வி போட்டீர்கள், எந்தக் குழுவில் இருந்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். கூட வந்தவர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை.

எம்.எல்.ஏ. வழியாகப் போகாமல் நானே பேரவைக்கு மனு கொடுக்க முடியுமா?

முடியும், நிறையப் பேருக்கு இது தெரியாது. மனுக்கள் குழு கடலூருக்கு ஆய்வுக்கு வருவதாக இருந்தால் மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே செய்திக்குறிப்பு விடும். தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அறிவிப்பில் சொன்ன எண்ணிக்கையில் நகல்களோடு தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600009 என்ற முகவரிக்கு அனுப்ப வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை மட்டும், அதுவும் பொதுப் பிரச்சினையாக இருக்கட்டும்: பாலம், சாலை, வாய்க்கால், பள்ளிக் கட்டடம். கோர்ட்டில் இருக்கும் வழக்கு, வேலை கேட்பது, பட்டா, கடன், முதியோர் உதவித்தொகை இவற்றை ஏற்க மாட்டார்கள், அவற்றுக்குத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம்தான். எடுத்துக்கொண்ட மனு என்றால் துறை அதிகாரி குழுவின் முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டும், மனு கொடுத்தவருக்கும் அழைப்பு வரலாம். போகும்போது பழைய மனுக்களின் ரசீதுகளையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.